பதக்கத்தைப் புளி போட்டு விளக்கிட்டான்!

தம்பி, உன்னை யாரப்பா சுத்தம் பண்ணச் சொன்னது?

1970களில் நம்ம சிங்கப்பூர்க் கம்பெனிகளுக்குள் நடந்த காற்பந்துப் போட்டியின் பதக்கம் அது, இந்தத் தம்பி விற்கப் போட்டிருந்தது. படத்தில் பழுப்பேறி, ஓரமெல்லாம் கருத்து, பின்பக்கம் ஆட்டக்காரர் பெயரும் வருடமும் மெல்லிசாக வெட்டியிருக்க, அப்படி இருந்தது. கைப்பேசியில் பேநவ் வழியாகப் பணத்தைப் போட்டுவிட்டு தோ பாயோ எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் போய் நின்றால், கையில் கொடுத்தது நகைக்கடை விளம்பரம் மாதிரி மின்னுகிறது. கண் கூசுகிறது.

"புளியில ஊற வச்சு, கல்லுப்பு போட்டுத் தேய்ச்சேண்ணே. அப்புறம் பித்தளை பாலிஷ்." முகத்தில் என்ன பெருமை!

திருப்பிப் பார்த்தேன். பெயரில் பாதியைக் காணோம். வருடத்தில் ஏழா ஒன்றா தெரியவில்லை. முலாம் இருந்த இடத்தில் வெறும் பித்தளை இளிக்கிறது. ஐம்பது வருடம் உட்கார்ந்து படிந்த நிறத்தை ஒரே ராத்திரியில் சுரண்டியிருக்கிறான். புளியும் உப்பும் சேர்ந்தால் மேலே படிந்ததை எல்லாம் தின்றுவிடும். அதற்குத்தானே வீட்டில் குத்துவிளக்குக்குப் போடுகிறோம்? இது என்ன, கார்த்திகை தீபத்துக்கு ஏற்றவா?

"பழுப்புதானே தம்பி இதோட மதிப்பே" என்றேன். "அழுக்குக்கா காசு குடுக்குறீங்க?" என்றான். துலக்கிய கூலி இருபது வெள்ளி வேறு வேணுமாம். கூலி!

கடைசி அஸ்திரத்தையும் விட்டான். "இது நம்ம காலாங் ஸ்டேடியத்துல ஜெயிச்ச மலேசியக் கிண்ண மெடல்ணே, தாத்தா சொல்லியிருக்கார்." அடேய். 1977இல் சமட் அல்லாப்பிச்சை தலைமையில் நம்ம ஆட்கள் இறுதியாட்டத்தில் பினாங்கை 3-2 என்று சாய்த்தது கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில். கூடுதல் நேரத்தில் குவா கிம் சோங் போட்டதுதான் வெற்றிக் கோல். 1994இல் பாகாங்கை 4-0 என்று நொறுக்கியது ஷா ஆலமில், அதில் அப்பாஸ் சாட் மட்டுமே மூன்று. காலாங்கில் தொண்டை கிழியக் கத்தியது நாம், கிண்ணத்தைத் தூக்கியது எல்லையைத் தாண்டிப் போய். போதாததற்கு உன் பதக்கத்தில் கம்பெனி பெயர் வெட்டியிருந்ததே, அதையும் தேய்த்துவிட்டால் கதை மாறிவிடுமா?

பழைய சாமான் விற்ற சுங்கை ரோடு திருட்டுச் சந்தை 2017இல் மூடும்வரை இந்தத் தொல்லை இல்லை. அங்கே அங்கிள்மார்கள் எதையும் துடைக்கவே மாட்டார்கள். தூசியோடு, விட்டால் கரப்பான்பூச்சியோடு கொடுப்பார்கள். தெய்வங்கள்.

வீட்டில் அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடடா, என்ன பளபளப்பு! அந்தப் பையன் நம்ம சொம்பையும் விளக்கித் தருவானா?" என்றார். நம்பரைக் கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்வது, சிரிப்புதான் வருகிறது.

அது கிடக்கட்டும். கீழே கோப்பிக் கடையில் கோப்பி ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி, என்று கத்திச் சொன்னாலும் சர்க்கரையைப் போட்டே தருகிறார்களே, இதை யாரிடம் போய்ச் சொல்வது?