முதலில் கொழும்பு, அப்புறம் பிரிக்ஸ்

வளரும் நாடுகள் கைகோர்க்க வேண்டும், உலக ஒழுங்கு மாறிவிட்டது, இனி தெற்கு நாடுகளின் காலம் என்று எல்லாப் பக்கமும் பேச்சாக இருக்கிறது. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா போன்ற நாடுகள் சேர்ந்த பிரிக்ஸ் கூட்டமைப்பின் மாநாட்டுப் படம் ஒன்று வந்தால் போதும், டாலர் நாளைக்கே விழுந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. கைகோர்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் முதலில் யாரோடு என்று யாரும் கேட்பதில்லை. தூத்துக்குடியில் சாயங்காலம் ஏறினால் காலையில் போய் இறங்குகிற தூரத்தில் கொழும்பு இருக்கிறது, அங்கே போக நிலையாக ஒரு பயணிகள் கப்பலை நம்மால் ஓட்ட முடியவில்லை. 2011 ஜூனில் ஒன்று விட்டார்கள், ஸ்கோஷியா பிரின்ஸ் என்று பெயர், அந்த வருஷம் முடிவதற்குள் நின்றுபோனது. கூட்டம் சேரவில்லை, கட்டுப்படியாகவில்லை என்றார்கள். அதோடு விட்டுவிட்டோம். பக்கத்துக் கொழும்புக்குக் கப்பலில் போக வழி செய்யாமல் தூரத்துக் கண்டங்களோடு கூட்டு சேர்வதைப் பற்றிப் பேசும்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை, அதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு இலங்கை வெளிநாடு என்று மனசில் பதிந்ததே ரொம்பப் பிந்தித்தான். எங்கள் தாத்தா தலைமுறையில் ஊருக்கு நாலு குடும்பமாவது கொழும்புப் பிழைப்பில் இருந்தது. புறக்கோட்டையில் கடை வைத்தவர்கள், கடையில் கணக்கெழுதப் போனவர்கள், மலையகத் தோட்டங்களுக்குப் போய் அங்கேயே தலைமுறை கண்டவர்கள், தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வழிசெய்த 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தவர்கள் என்று எல்லா வகையும் இங்கே உண்டு. அதே 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, ரயிலும் கப்பலும் சேர்ந்த போட் மெயில் பாதையும் அறுந்தது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் அங்கே போர் வந்ததோடு நின்றது. ஒரு கடல் வழி அறுந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டால், அது இருந்தது என்பதே மறந்துவிடுகிறது.

வ.உ.சி. இதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே புரிந்துவைத்திருந்தார். ஒட்டப்பிடாரத்து வக்கீல், 1906ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பித்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். அந்தக் கம்பெனியின் நோக்கங்களில் ஒன்று, இந்தியர்களுக்கும் இலங்கையருக்கும் மற்ற ஆசிய மக்களுக்கும் கப்பல் தொழிலைப் பழக்குவது. யோசித்துப் பாருங்கள், இந்தோனேசியாவில் ஆசிய ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாடு 29 நாடுகளோடு கூடியது 1955ல். அதற்கு ஏறக்குறைய 50 வருஷத்துக்கு முன்னால் நம்ம ஊர்க்காரர் ஆசிய மக்களின் கப்பல் என்று நினைத்திருக்கிறார். வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கி அடித்தது, அரசாங்கம் அதற்குத் துணை நின்றது, 1908ல் அவரை உள்ளே தள்ளினார்கள், மார்ச் 13ல் திருநெல்வேலியே பற்றி எரிந்தது. துறைமுகத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம். அவர் விட்ட பாதையில் ஆள் போகக் கப்பல் இல்லை.

சரக்கு போகிறது, அதைச் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடியில் ஏறுகிற கன்டெய்னர்களில் கணிசமானவை சின்ன ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய மதர் ஷிப்பில் மாறித்தான் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. கொழும்புத் துறைமுகத்தின் கைமாற்றுச் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவைச் சார்ந்தது. ஆக இரண்டு துறைமுகமும் ஏற்கெனவே ஒன்றையொன்று நம்பித்தான் பிழைக்கின்றன. ஆனாலும் தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வியாபாரம் அவற்றின் மொத்த வியாபாரத்தில் சுமார் 5 சதவீதம்தான். தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாடுகளுக்குள் அது 25 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. இந்தியக் கம்பெனி ஒன்று பக்கத்துத் தெற்காசிய நாட்டோடு வியாபாரம் செய்வதைவிட பிரேசிலோடு செய்வது சுமார் 20 சதவீதம் மலிவு என்று உலக வங்கியே கணக்குப் போட்டுச் சொன்னது. பிரேசில் எங்கே இருக்கிறது, நாம் எங்கே இருக்கிறோம்!

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985ல் டாக்காவில் தொடங்கியது. கடைசி உச்சிமாநாடு 2014ல் காட்மாண்டுவில். 2016ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது காஷ்மீரில் உரி ராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு ரத்தானது, அதோடு சரி. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் உள்ள பிரச்சினை நிஜமானது, செத்தவர்கள் நிஜமானவர்கள், அதை லேசாகப் பேச எனக்கு மனசில்லை. ஆனால் அந்தச் சண்டைக்காக நேபாளமும் பூட்டானும் மாலத்தீவும் இலங்கையும் உட்கார்ந்து பேச ஒரு மேடை இல்லாமல் போக வேண்டுமா? பாகிஸ்தான் இல்லாத, வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 1997ல் ஆரம்பித்து அதற்கொரு சாசனம் கையெழுத்தாக 2022 வரை ஆனது.

தலைவர்கள் கூடாமலேயே ஓடுகிற ஏற்பாடுகள் சில இருக்கின்றன, எனக்கு உயிராகத் தெரிவது அவைதான். 2022 ஜனவரியில் இலங்கை அந்நியச் செலாவணி இல்லாமல் தவித்தபோது நம் ரிசர்வ் வங்கி 40 கோடி டாலர் கொடுத்தது. எந்த வழியில் தெரியுமா? சார்க் நாடுகளுக்கான நாணய மாற்று ஏற்பாட்டின் வழியில். மாநாடு செத்துக் கிடந்தது, அந்தச் சின்ன ஏற்பாடு மட்டும் வேலை செய்தது. அந்த வருஷம் இந்தியா செய்த உதவி மொத்தமாக 400 கோடி டாலர் அளவுக்குப் போனது. தமிழ்நாடு தன் பங்குக்கு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் தருவதாக அறிவித்தது, அதில் ஒரு பகுதி தூத்துக்குடியிலிருந்தே கப்பலேறியது. பன்னாட்டு நிதியத்தின் கடன் இலங்கைக்குக் கிடைத்தது 2023 மார்ச்சில். அதுவரை பெட்ரோல் வரிசையிலும் கேஸ் வரிசையிலும் நின்ற சனங்களுக்கு முதலில் கை கொடுக்க முடிந்தது பக்கத்தில் இருந்தவர்களால்தான்.

மின்சாரத்திலும் இப்படி ஒன்று. நேபாளத்து நீர்மின்சாரம் 40 மெகாவாட் இந்தியக் கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்குப் போகிறது, 2024ல் மூன்று நாடும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது. 40 மெகாவாட் சின்ன அளவுதான். ஆனால் மூன்று நாடு ஒரு கம்பியில் இணைந்தது பெரிய விஷயம். மதுரையிலிருந்து அனுராதபுரத்துக்குக் கடலடியில் மின்தொடர் என்று எத்தனையோ காலமாகப் பேச்சு, 2025 ஏப்ரலில் பிரதமர் கொழும்பு போனபோது மின் இணைப்புக்கு ஒப்பந்தம் போட்டார்கள். கயத்தாறு, பணகுடி, ராதாபுரம், ஆரல்வாய்மொழி பக்கம் போய்ப் பாருங்கள். ஆனி ஆடியில் காற்று அடிக்கிற அடிக்கு, மின்சாரத்தை எடுத்துக்கொள்ள வழியில்லாமல் காற்றாலையை நிறுத்தச் சொன்ன காலங்கள் உண்டு. மிச்சமாகும்போது அங்கே கொடுக்கலாம், நமக்குக் குறையும்போது அவர்களிடம் வாங்கலாம். இந்த ஒப்பந்தம் கோப்பிலேயே தூங்காமல் இருக்க நாம்தான் சத்தம் போட வேண்டும்.

இனி சொல்வது சிலருக்குப் பிடிக்காது. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டபோது தூத்துக்குடி இறால் கம்பெனிகள் ஆடிப்போயின, ஏனென்றால் இந்திய இறாலுக்குப் பெரிய சந்தை அமெரிக்காதான். திருப்பூர் கதையும் அதே. நியாயமா இது, ராத்திரியோடு ராத்திரியாக இப்படிச் செய்யலாமா என்று நாம் எல்லோரும் கொதித்தோம். சரி. 2023 ஜூலையில் நாம் பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது பெனினிலும் செனகலிலும் என்ன சொல்லியிருப்பார்கள்? 2023 டிசம்பரில் வெங்காயத்துக்குத் தடை போட்டோம், 2024 மே வரை. கொழும்பில் பம்பாய் வெங்காயம் என்றே பெயர் வைத்துச் சாப்பிடுகிற சனம், விலை எங்கேயோ போய்விட்டது. அப்புறம் சிநேக நாடுகளுக்கென்று கொஞ்சம் கொஞ்சம் அனுமதி கொடுத்தோம். நம் ஊரில் விலை ஏறக்கூடாது என்ற கவலை எனக்கும் உண்டு, நானும் சந்தையில் காய் வாங்குகிறவன்தான். ஆனால் முன்கூட்டிச் சொல்லலாம். பக்கத்து நாடுகளுக்கு வருஷத்துக்கு இவ்வளவு எப்படியும் தருவோம் என்று எழுதிக்கொடுக்கலாம். பெரியவன் திடீரென்று கதவைச் சாத்துவான் என்ற பயம் இருக்கிறவரை சின்ன நாடுகள் நம்மை நம்பாது, வேறு ஆள் தேடும். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017ல் சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார்களே என்று கோபப்படுகிறோம், அந்த நிலைக்கு அவர்கள் வந்ததில் நம் பங்கு என்ன என்று கேட்டுக்கொள்வதில்லை.

எழுதிக்கொடுத்தால் வேலை செய்யும் என்பதற்குத் துவரம் பருப்பு இருக்கிறது. 2015ல் கிலோ 200 ரூபாயைத் தொட்டது ஞாபகம் இருக்கும். அடுத்த வருஷம் மொசாம்பிக்கோடு ஒப்பந்தம் போட்டார்கள், படிப்படியாக வருஷத்துக்கு 2 லட்சம் டன் வரை எடுத்துக்கொள்வதாக. அங்கே விவசாயிக்கு விற்க இடம் உறுதி, இங்கே சாம்பாருக்குப் பருப்பு உறுதி. உளுந்துக்கு மியான்மரை நம்பியிருக்கிறோம். உளுந்தஞ்சோறு சாப்பிடுகிற ஊரில், "பர்மா சரக்கு வரத்து இல்லல்லா, அதான் வெல ஏறிட்டு" என்று பலசரக்குக் கடை அண்ணாச்சி சொல்லும்போது அதுதான் நமக்கு உலக அரசியல்.

முந்திரியில் சிக்கல் வேறு மாதிரி. குமரி மாவட்டத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், உடைக்கிற கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து, ஐவரி கோஸ்ட், தான்சானியா, பெனின் என்று, தூத்துக்குடி வழியாகவும் கொச்சி வழியாகவும் வருகிறது. உட்கார்ந்து உடைக்கிறவர்கள் எல்லாம் பெண்கள், கையெல்லாம் பால் பட்டுக் கறுத்துப்போயிருக்கும். 2024 ஏப்ரல் முதல் உடைக்காத கொட்டையை வெளியே அனுப்பமாட்டோம் என்று பெனின் அறிவித்தது. எங்கள் மண்ணில் விளைவதை எங்கள் பெண்களே உடைத்துக் கூலி வாங்கட்டும் என்கிறார்கள். அதில் என்ன தப்பு? வ.உ.சி. கேட்டதும் அதே நியாயம்தானே. ஆனால் மார்த்தாண்டத்துப் பெண்ணுக்கும் வேலை வேண்டும். ஏழை நாடும் ஏழை நாடும் மோதுகிற இடம் இது, சகோதரத்துவம் என்று மேடையில் பேசுவதால் தீராது. கொஞ்சம் அங்கே உடைப்பது, கொஞ்சம் இங்கே தரம் பிரித்துப் பொதிவது, கருவிகளையும் தொழில் தெரிந்தவர்களையும் நாம் அனுப்புவது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டால் வழி பிறக்கும். அந்த மேசையில் அண்டி ஆபீஸ் பெண்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

மீனவர் பிரச்சினையிலும் நான் சொல்ல வருவது இதுவேதான். இலங்கைக் கடற்படைக்காரர்கள் நம் பையன்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், படகைப் பறிக்கிறார்கள், சுட்டும் கொன்றிருக்கிறார்கள். அந்த வலியைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அக்கரையில் வலை அறுந்து நிற்பவரும் தமிழ் பேசுகிற மீனவர்தான். போர்க்காலம் முழுக்கக் கடலுக்குள் இறங்க முடியாமல் கிடந்து, 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கியவர்கள், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும். நம் விசைப்படகின் இழுவைமடி கடலடியை வாரிக்கொண்டு போகும்போது அவர்கள் வலையும் சேர்ந்து போகிறது. உவரி, இடிந்தகரை, கூட்டப்பனை பக்கத்து வள்ளக்காரர்களைக் கேட்டாலும் இழுவைமடி என்ன செய்யும் என்று சொல்வார்கள், அவர்களுக்கு அது அனுபவம். 2017ல் இலங்கை அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே வருஷம் நம் பக்கம் பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றத் திட்டம் கொண்டுவந்தார்கள், எதிர்பார்த்த அளவுக்குப் படகுகள் மாறவில்லை. படகுக்காரருக்கு விழுகிற கடன் பாரத்தைக் குறைக்காமல் எப்படி மாறுவார்?

இரண்டு பக்க மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். 2014 ஜனவரியில் சென்னையில், மே மாதம் கொழும்பில். அதற்குப் பிறகும் அங்கொன்று இங்கொன்றாக நடந்திருக்கிறது, ஆனால் தேர்தல் வந்தால் நிற்கும், கைது நடந்தால் நிற்கும், ஆட்சி மாறினால் நிற்கும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒரு தடவை தூத்துக்குடியிலோ ராமேஸ்வரத்திலோ, ஒரு தடவை யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ, தேதி முன்கூட்டியே குறித்து, யார் ஆட்சியில் இருந்தாலும் நடந்தே தீரும் என்று இரண்டு அரசும் கையெழுத்துப் போட வேண்டும். படகு முதலாளி மட்டும் வந்தால் போதாது, கூலிக்குக் கடலுக்குப் போகிறவர்கள், வள்ளக்காரர்கள், மீன் விற்கிற பெண்கள் வர வேண்டும். பிடிபட்ட படகுகளின் பட்டியல், இழுவைமடியை நிறுத்துவதற்கு ஒரு கெடு, அதுவரை நம் ஆட்களுக்கு நஷ்ட ஈடு, இந்த மூன்றும் முதல் கூட்டத்திலேயே மேசைக்கு வர வேண்டும். நம் எம்.பி.க்கு இதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன். கடற்கரை ஊர்க்காரர்கள் யார் யார் கையெழுத்துப் போட வருகிறீர்கள், சொல்லுங்கள்.