உச்சியை வெட்டினால் மரம் விழாதா?
மரங்களில் ஏறிக் கொப்பு வெட்டும் மரமேறியின் வாழ்க்கையை உங்கள் கட்டுரையில் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் ‘உச்சியை வெட்டிவிட்டால் காற்றுக்கு மரம் சாயாது’ என்று போகிற போக்கில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம், எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலே நின்ற சவுக்கை, அதாவது தேயிலைக்கு நிழல் தரும் கிரவில்லியா என்ற உயரமான மரத்தை, அப்படித்தான் மொட்டையடித்தார்கள். வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் புதுக்கொப்புகள் கிளம்பின, பார்க்கச் செழிப்புதான். ஆனால் அவை பழைய கொப்பு மாதிரி உள்மரத்தில் வேரோடி நிற்பவை அல்ல, பட்டையை ஒட்டி மேலாகப் பிடித்திருப்பவை. வெட்டுவாயில் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே உளுத்தும் போயிருந்தது. ஒரு ஜூன் மாதக் காற்றில் அதிலொரு கொப்பு பிய்ந்து கூரைத் தகரத்தில் விழுந்தது. அதன் அடியைக் கையால் கிள்ளினால் ஈரத்தூளாக உதிர்ந்தது. பக்கக்கொப்பை மட்டும், அதன் அடி வீக்கத்தைக் காயப்படுத்தாமல் எடுத்திருந்தால் மரமே காயத்தை மூடிக்கொண்டிருக்கும். மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் ‘தேயிலைத் தோட்டத்தில் வருஷா வருஷம் வெட்டுகிறார்களே, ஒன்றும் ஆகவில்லையே’ என்கிறார். அது முள்ளுமுருங்கை ஐயா! தென்மேற்குப் பருவமழைக்கு முன் நிழலைக் குறைப்பதற்காகக் கொப்பிறக்குவது. நிழலும் ஈரமும் தங்கினால் தேயிலையில் கொப்புள நோய், அதாவது இலையில் கொப்புளம் போடும் பூஞ்சை நோய், பரவும். 1946இல் இலங்கைக்குள் வந்த நோய் அது, இன்னும் விட்டபாடில்லை. வெட்ட வெட்டத் துளிர்க்கிற தாழ்ந்த மரத்துக்கும், 20 மீட்டர் தாண்டி வளரும் சவுக்குக்கும் ஒரே கத்தியா? கட்டுரையாளரே, அந்த மரமேறியை மறுபடி சந்தித்தால், ஏறுமுன் அடிமரத்தில் என்னென்ன பார்க்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.