என் பேருக்கு நானே மூன்றாம் நபராம்

பங்குனி கடைசியில, உளுந்து எடுத்த கையோட பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு தெளிக்கலாம்னு வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போனேன். ஏக்கருக்கு 20 கிலோ, மானிய விதை. சிட்டா, ஆதார் நகலெல்லாம் வாங்கிக்கிட்டு அந்தத் தம்பி கம்ப்யூட்டரைத் தட்டுனாரு. "அண்ணே, உங்க பேருக்குப் போன வருஷமே விதை போயிருக்கே."

எங்கய்யா போச்சு? போன வருஷம் என் வயல்ல ஒரு பூண்டு நிக்கல. தக்கைப்பூண்டு என்ன அறுகம்புல்லா, எனக்குத் தெரியாம மறைஞ்சு நிக்க? 45 நாள்ல இடுப்புக்கு மேல வந்துரும். பூவெடுக்கிற நேரத்துல மடக்கி உழறப்ப டிராக்டர்காரர் புலம்புற புலம்பல் தெருவுக்கே கேக்கும்.

சரி, யாரு கையெழுத்துப் போட்டு வாங்குனா, காட்டுங்கன்னேன். ஆபீசர் ஃபீல்டுக்குப் போயிருக்காராம். மூணு நடை நடந்தேன், மூணு நடையும் ஃபீல்டுதான். (எந்த ஃபீல்டுன்னுதான் தெரியல, எங்க ஊர்ல யாரும் அவரைப் பார்த்ததில்ல.) கடைசியா 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, எங்க ஊர்ப் பயனாளிகள் பட்டியலையும் என் பேருக்கு நேரா இருக்கிற கையெழுத்து நகலையும் தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டேன். முப்பதாவது நாள் பதில் வந்துச்சு: "கோரப்படும் தகவல் மூன்றாம் நபர் சார்ந்தது என்பதால் வழங்க இயலாது."

என் பேருக்கு நானே மூன்றாம் நபர்!

2005 சட்டத்தோட 4(1)(பி) பிரிவு என்ன சொல்லுது? மானியத்துக்கு எவ்வளவு ஒதுக்குனாங்க, யாருக்குப் போச்சுங்கிறதை யாரும் கேக்காமலே அவங்களா வெளியிடணும்னு சொல்லுது. இவங்க கேட்டாலும் கொடுக்க மாட்டாங்க, தனிநபர் தகவலைத் தர வேண்டாம்னு சொல்ற 8(1)(ஜெ) பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவாங்க. அந்தப் பிரிவுக்குள்ள பொதுநலன் இருந்தா கொடுக்கலாம்னு இருந்த வார்த்தையையும் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் உருவிப் போட்டுருச்சு. 8(2)ல இன்னும் இருக்குன்னு வக்கீல் நண்பர் ஆறுதல் சொல்றாரு.

100 நாள் வேலையில எங்க அத்தைக்கு எத்தனை நாள் கூலி ஏறுச்சுன்னு நெட்டுல எவன் வேணாலும் பார்க்கலாம். பிஎம் கிசான் 2,000 ரூபா யார் யாருக்குன்னு ஊர்வாரியா பட்டியல் போட்டாங்க. அப்பல்லாம் வராத மூன்றாம் நபர், விதை, பண்ணைக்குட்டை, சொட்டுநீர்னு வந்தா மட்டும் எங்கிருந்து முளைக்கிறான்? பஞ்சாயத்து ஆபீஸ் செவுத்துல ஒரு தாளை ஒட்டச் சொல்றேன், அவ்வளவுதான். அரை மணி நேரத்துல ஊர்க்காரங்களே சொல்லிருவாங்க யாரு விதைச்சான், யாரு விக்கிறான்னு.

கோயில் நிலத்துல சாகுபடி பண்ற எங்க சித்தப்பாவுக்கு அவர் பேர்ல சிட்டாவே கிடையாது. அவர் பேரைச் சொல்லி எவனும் விதை வாங்க முடியாதுங்கிறது ஒண்ணுதான் அவருக்கு நிம்மதி.

விதையைக் கடையில முழு காசு கொடுத்து வாங்கித் தெளிச்சுட்டேன். இப்ப முழங்கால் உசரம். ஜூன் 12 மேட்டூர் திறக்கறதுக்குள்ள மடக்கி உழணும். மேல்முறையீடும் எழுதிப் போட்டாச்சு. நான்தான் நான்னு காட்ட ஆதார் நகல் ரெண்டு வச்சிருக்கேன்.