பலகை இல்லை என்றால் பணமும் இல்லையா?

‘ஒலிம்பிக் மைதானங்களில் விளம்பரப் பலகைகள் இல்லாததற்குக் காரணம், நிறுவனங்களின் பணத்தை ஒலிம்பிக் அமைப்பு வாங்குவதில்லை என்பதே’ என்று பரவும் செய்தி தவறானது. பலகைகளுக்குத் தடை இருப்பது உண்மைதான். 2012 லண்டன் போட்டியின்போது கைப்பேசிச் சேவை நிறுவனம் ஒன்றின் பெயரைத் தாங்கிய ஓ2 அரங்கம்கூட ‘வடக்கு கிரீனிச் அரங்கம்’ என்றே அழைக்கப்பட்டது. ஆனால், கோக-கோலா 1928 முதலே ஒலிம்பிக்கின் கூட்டாளி என்பதோடு, 1985-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு தொடங்கிய திட்டத்தின்கீழ், ஒரு வணிகப் பிரிவுக்கு ஒரு நிறுவனம் என்ற கணக்கில் உலகளாவிய விளம்பர உரிமை இன்றும் விற்கப்படுகிறது. 2024 பாரிஸ் பதக்க மேடையில், பதக்கம் வென்றவர்கள் சாம்சங் மடக்குக் கைப்பேசியில் செல்ஃபி எடுத்துக்கொண்ட காட்சி பலருக்கும் நினைவிருக்கும். அது அனுசரணையாளரின் ஏற்பாடு. வெற்றிக் கண்ணீர் காயாத அந்த நேரத்தில் அது தேவைதானா என்று கேட்பது நியாயமே, ஆனால் பணமே வாங்குவதில்லை என்பது பொய்.