இருபத்தாறு வருஷத்து ஆம்னியும் சீட்டுக்கு அடியில் இருக்கிற எஞ்சினும்

எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு மாமா கேட்டுவிடுகிறார், "இன்னுமா அந்த வேனை ஓட்டுற? தள்ளிவிட்டுட்டு வேற எடுக்க வேண்டியதுதானே?" போன வாரம் உத்தமபாளையத்தில் ஒரு காதுகுத்திலும் இதே கேள்வி. அங்கே சாப்பாட்டுப் பந்தியில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். பழைய மாருதி ஆம்னி, பழைய வெர்சா வேன் வைத்திருக்கிறவர்கள் கூடலூர், கம்பம் பக்கம் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும்.

எங்கள் வண்டி 1999 மாடல் ஆம்னி. அப்பா புதிதாக எடுத்தது. குமுளிக்கு மேலே ஆனவிலாசம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத் தோட்டம் உண்டு, அதனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது லோயர் கேம்ப் மலைப்பாதையில் ஏறி இறங்கியாக வேண்டும். இத்தனை வருஷத்தில் நடுரோட்டில் நின்றது நாலே நாலு தடவை. அதில் மூன்று தடவை வண்டி நாள் கணக்கில், ஒரு தடவை வாரக் கணக்கில், முன்கூட்டியே அறிகுறி காட்டியிருக்கிறது. நாங்கள்தான் கவனிக்கவில்லை, அல்லது காட்டிய இடத்தில் கவனிக்கவில்லை. அதனால் "பழைய வண்டி நம்ப முடியாது" என்று யாராவது பொத்தாம் பொதுவாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த வண்டியின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் இதை வைத்துக்கொள்ள முடியாது. 796 சிசி, மூன்று சிலிண்டர், எங்களுடையது கார்புரேட்டர், நாலு கியர், சுமார் 35 குதிரைத்திறன். மாருதி 800-இல் இருந்த அதே குடும்பத்து எஞ்சின், அதனால்தான் 800 தயாரிப்பு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் எஞ்சின் சாமானுக்குத் தட்டுப்பாடு இல்லை. எஞ்சின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் மூக்கில். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் போய் வர நீளமான குழாய்கள். மே மாச வெயிலில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் மலை ஏறும்போது எஞ்சின் உழைப்பு அதிகம், எதிர்க்காற்று குறைவு. சூடுதான் இந்த வண்டிக்கு முதல் எதிரி, மற்றதெல்லாம் அப்புறம்.

2011 மே மாசம் நடந்ததைச் சொல்கிறேன். தினமும் காலையில் பார்த்தால் ரேடியேட்டரில் ஒரு டம்ளர் தண்ணீர் குறைந்திருக்கும். ஊற்றுவோம், ஓட்டுவோம். டவுனில் ஒரு பட்டறையில் காட்டினோம், பத்து நிமிஷத்தில் "ஹெட் வேலை", அதாவது எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிச் செய்கிற வேலை என்று சொல்லிவிட்டார்கள். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்துத் தேய்த்து, கேஸ்கெட் மாற்றி, கையோடு, சூட்டைப் பொறுத்துத் தண்ணீருக்கு வழி திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட் வால்வையும் பிடுங்கிப் போட்டு எட்டாயிரத்துச் சொச்சம் வாங்கினார்கள். சரியாக மூன்றாவது வாரம், மலைப்பாதையில் இரைச்சல் பாலம் தாண்டி ஏறும்போது சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டது, சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி. அம்மா, தங்கச்சி, தங்கச்சியின் கைக்குழந்தை எல்லோரும் ரோட்டோரம் சுவரை ஒட்டி நின்றார்கள். பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற வளைவு அது. அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, ஊற்றி, எப்படியோ குமுளி போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு மலையாளி சேட்டனின் சின்னப் பட்டறை, தகரக் கொட்டகை. அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. முதலில் ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தார், ஹெட் கேஸ்கெட் போய் ஆயிலில் தண்ணீர் கலந்தால் பால் காபி நிறத்தில் நுரைத்திருக்கும், அப்படி எதுவும் இல்லை. அப்புறம் சீட்டைத் தூக்கி டார்ச் அடித்தார். வாட்டர் பம்ப்புக்கு அடியில் வேண்டுமென்றே விட்டிருக்கிற ஒரு சின்னத் துளை உண்டு, பம்ப்பின் சீல் போனால் அதன் வழியாகத்தான் கசியும். அந்தத் துளையிலிருந்து கீழே வரைக்கும் விரல் அகலத்துக்கு வெள்ளையும் பச்சையுமாக ஒரு கறை, உப்புப் படிந்து காய்ந்திருந்தது. "வெள்ளம் எங்க போகுதுன்னு பார்க்காம ஹெட்டை எதுக்கு அவிழ்த்தீங்க?" என்றார், அவர்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பம்ப் விலை அன்றைக்கு ஆயிரத்துக்குள்தான். மாற்றிவிட்டு, வண்டியின் மூக்கு மேலே பார்க்கிற மாதிரி மேட்டில் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டு, குமிழி வருவது நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிறைந்த மாதிரி தெரியும், ஆனால் சுற்றாது. இவ்வளவு நீளக் குழாய் இருக்கிற வண்டிக்கு இது முக்கியம், அவசரக்காரர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போடச் சொன்னார். அது இல்லாவிட்டால் எஞ்சின் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் குடிக்கும், சூட்டுக்கு மருந்தாகவும் ஆகாது. இன்னொன்றும் கேட்டார், என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று. எங்கள் வீட்டு போர்த் தண்ணீர்தான். அதன் உப்புதான் அந்தக் கறை. அன்றிலிருந்து கூலண்ட் மட்டும்தான், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்றுகிறேன். பதினாலு வருஷம் ஆகிறது, அதன் பிறகு ஒரு நாள்கூட முள் பாதியைத் தாண்டவில்லை. சபரிமலை சீசனில் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து ஏறினபோதும் தாண்டவில்லை.

இதனால்தான் சொல்கிறேன், பார்த்ததும் பெரிய வேலை சொல்கிற பட்டறையை விட்டு நகர்ந்துவிடுங்கள். கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தால் காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது, எந்த நிறம் என்று நீங்களே பார்க்கலாம். அதற்குக் காசு ஆகாது.

அடுத்தது துரு. செகண்ட் ஹேண்டில் வேன் தேடுகிற நம் ஆட்கள் "கேஎல் வண்டி (கேரளா பதிவு) என்றால் நன்றாக வைத்திருப்பார்கள்" என்று நம்பி குமுளி, கட்டப்பனை, பாலா வரைக்கும் போகிறார்கள். எஞ்சின் நன்றாகத்தான் வைத்திருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மழை பெய்கிற ஊரில் நின்ற வண்டிக்கு அடித்தகடு இருக்காது. நம் பக்கம் நின்ற வண்டிக்குத் தகடு இருக்கும், வெயிலில் ரப்பர் எல்லாம் வெடித்திருக்கும். ரப்பரை மாற்றிவிடலாம். தகட்டுக்குத்தான் செலவு, அதுவும் நம்பிச் செய்ய ஆள் வேண்டும். தரை விரிப்பைத் தூக்கி, டிரைவர் கால் வைக்கிற இடத்தையும், ஸ்லைடிங் டோருக்குக் கீழே படிக்கட்டு ஓரத்தையும், பின்னால் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடத்தையும் ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் சரி. பொத் என்று கேட்டால் பெயின்ட்தான் அங்கே தகடாக நிற்கிறது. இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, கேரளாவில் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), இங்கே சாலை வரி, மறுபதிவு என்று அலைந்த என் நண்பர் ஒருவர் கடைசியில் வண்டி விலையில் பாதிக்கு வெல்டிங் செய்தார்.

ஸ்லைடிங் டோர் பற்றி ஒரு வார்த்தை. கதவு பின்பக்கம் தொங்குகிறது, தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது என்றால் ரோலர் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். சின்னச் சாமான். அதை மாற்றாமல் அடித்து அடித்துச் சாத்தினால் தண்டவாளமும் கெடும், பூட்டும் கெடும். ஓடும்போது கதவு திறந்துகொண்டால் உட்கார்ந்திருப்பது பிள்ளைகள். எண்ணெய் ஊற்றாதீர்கள், மண் ஒட்டும். துணியால் துடைத்துவிட்டு லேசாக கிரீஸ் போதும்.

பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கு அந்த வண்டியை எடுக்கவே கூடாது. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் குழாய் அதைத் தாங்க வைத்துச் செய்ததல்ல. நான் போன வருஷம் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் எல்லாக் குழாயையும் மாற்றினேன், பழையதைக் கையில் எடுத்தபோது ஊறிய அப்பளம் மாதிரி இருந்தது. எஞ்சின் நம் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு சிலிண்டரை வைத்து கேஸில் ஓட்டுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். அது சட்டப்படி குற்றம், அதைவிட, பின்னால் குடும்பத்தை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

அரசாங்கக் கணக்கும் இருக்கிறது. பதினைந்து வருஷம் முடிந்து 2014-இல் ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பித்தோம், 2019-இல் ஒரு தடவை, 2024-இல் ஒரு தடவை. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. இருபது வருஷம் தாண்டிய கார், வேனுக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். புகையும் பிரேக்கும் சரியாக இருக்கிற வண்டியை, வயசை மட்டும் பார்த்துத் தண்டிப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். கண்டிப்பாகச் சோதியுங்கள், தேறாவிட்டால் நிறுத்துங்கள், அதற்கு நான் முதல் ஆளாகச் சம்மதிப்பேன்.

பாதுகாப்பு விஷயத்தில் மாமாக்கள் சொல்வது சரி. இந்த வண்டியில் முட்டிக்கு முன்னால் இருப்பது ஒரு தகடு, அவ்வளவுதான். ஏர்பேக் கிடையாது. 2019-இல் ஆம்னி தயாரிப்பு நின்றுபோனதற்கு முக்கியக் காரணமே புதிய மோதல் பாதுகாப்பு விதிகள்தான். அதனால் நான் முன்சீட்டில் பிள்ளைகளை உட்கார வைப்பதில்லை, ஐம்பதைத் தாண்டுவதில்லை, தேனி பைபாஸில் ராத்திரி ஓட்டுவதில்லை. மதுரைக்குப் போக வேண்டுமென்றால் பஸ். இது தோட்டத்துக்குப் போகிற வண்டி, அந்த அளவில்தான் வைத்திருக்கிறேன்.

டாஷ்போர்டில் அப்பா காலத்து நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது. என்றைக்கு எந்தச் சாமான் மாற்றியது, என்ன விலை, எத்தனை கிலோமீட்டரில் என்று அவர் கையெழுத்திலும் அதற்கப்புறம் என் கையெழுத்திலும். அதில் இப்போது பாக்கி இருப்பது ஒரே வேலை. வலது பக்கப் படிக்கட்டு ஓரம் தட்டினால் பொத் என்று கேட்க ஆரம்பித்திருக்கிறது, மழைக்கு முன்னால் அழுகிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும். மேலே தகடு ஒட்டிப் பட்டி பூசி மறைக்கிறவர் வேண்டாம். கம்பம், சின்னமனூர், குமுளி பக்கம் ஒழுங்காக வெட்டி வெல்டு வைக்கிற டிங்கர் (தகடு வேலைக்காரர்) யாரையாவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிவிடுவேன்.