ஷெல்பி ஃபூட்டோடு எனக்குள்ள வழக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போரின் வரலாற்றை அடிக்குறிப்பே இல்லாமல் மூன்று தொகுதிகளாக எழுதிய நாவலாசிரியர் ஷெல்பி ஃபூட். அடிக்குறிப்பு இல்லாத வரலாறு வரலாறே அல்ல என்று அவரை ஒதுக்குபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. எனக்கும் அவரோடு வழக்கு உண்டு. அது வேறு வழக்கு.

1916-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கிரீன்வில் என்ற ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படை கேப்டனாக வட அயர்லாந்து வரை போனார். பெல்ஃபாஸ்டில் இருந்த காதலியைப் பார்க்கப் படை வண்டியில் போன விவகாரத்தில் இராணுவ நீதிமன்றம் அவரைப் பதவிநீக்கியது. பிறகு மரைன் படையில் சேர்ந்தார். களம் காணும் முன்பே போர் முடிந்துவிட்டது. சண்டையையே பாராத இந்த மனிதர்தான், 1860-களில் அமெரிக்காவின் வட, தென் மாநிலங்கள் மோதிக்கொண்ட அந்த உள்நாட்டுப் போரின் ஷைலோ போர்க்களத்தை இருதரப்பு வீரர்களின் வாய்மொழியாகவே நாவலாக்கினார். 1952-இல் வந்த அந்த நாவலைப் படித்தால் வெடிமருந்துப் புகை நம் மூக்கில் ஏறும்.

அதன்பின் ரேண்டம் ஹவுஸ் பதிப்பாளர் பென்னட் செர்ஃப் உள்நாட்டுப் போரைப் பற்றி ஒரு சிறு வரலாறு கேட்டார். எழுத உட்கார்ந்தவர் எழுந்திருக்க 20 ஆண்டுகள் ஆயின. மையில் தொட்டெழுதும் பேனா, நாளொன்றுக்குச் சுமார் 500 சொற்கள். 1974-இல் மூன்றாம் தொகுதி வந்தபோது மொத்தம் ஏறத்தாழ 3,000 பக்கங்கள். உரையாடல் எதையும் அவர் புனையவில்லை. நாளை என்ன நடக்கும் என்று தளபதிக்குத் தெரியாத இடத்தில் வாசகனையும் தெரியாமல் நிற்க வைப்பார். அதைச் செய்யத் தெரிந்த பேராசிரியர்கள் மிகக் குறைவு.

என் வழக்குக்கு வருகிறேன். அந்தப் போருக்கு மூலகாரணம் அடிமைமுறை; அதில் சிக்கிய அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். அத்தனை தளபதிகளின் மனத்துக்குள்ளும் புகுந்து வந்த எழுத்தாளர், அந்த அடிமைகளில் எத்தனை பேரின் மனத்துக்குள் புகுந்தார்? ஆவணம் இல்லை என்று சொல்ல வழியில்லை. 1930-களில் முன்னாள் அடிமைகள் 2,000-க்கும் மேற்பட்டோரின் வாய்மொழிகளை அமெரிக்க அரசே பதிவு செய்து வைத்திருந்தது. ஆனால் ஃபூட்டோ, அடிமை வியாபாரம் செய்த, பின்னாளில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவரான தென்தரப்புத் தளபதி ஃபாரஸ்டை லிங்கனுக்கு இணையான மேதை என்றார். 1990-இல் கென் பர்ன்ஸின் தொலைக்காட்சி ஆவணப்படத்தில், கோடிக்கணக்கானோர் பார்க்க, அந்த இனிய தெற்கத்திக் குரலில் சொன்னார்.

வரலாற்றாசிரியராக அவர் தவறினார் என்பார்கள். நாவலாசிரியராகத்தான் தவறினார் என்பேன். யாருடைய மனத்துக்குள்ளும் போய்வரும் திறமை அவருக்கு வாய்த்திருந்தது. அதே கிரீன்வில்லில், அவர் பிறந்த காலத்திலும் அடிமைகளாய்ப் பிறந்த முதியவர்கள் உயிரோடு இருந்தார்கள்.