கோட்டு வேணும்னா மாப்பிள்ளையா இருக்கணுமா?

ஒரு கோட்டு வாங்குவதற்குள் எனக்கு ரத்தக்கொதிப்பே வந்துவிட்டது.

ஓசூர் சிப்காட்டில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை எனக்கு. பிப்ரவரியில் மூன்று வாரம் ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் பக்கம் அனுப்புகிறார்கள். வீசாவுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொண்டது. மெயிலின் கடைசியில் மட்டும் ஒரு வரி: முதல் நாள் கூட்டத்துக்கு 'பிசினஸ் ஃபார்மல்', அதாவது கோட்டு சூட்டு. அந்த வரிக்குக் காசு கிடையாது.

சரி, வீடு இருக்கிற கிருஷ்ணகிரியிலேயே பார்ப்போம் என்று ரவுண்டானாவைச் சுற்றி நாலு கடை ஏறினேன். கோட்டு என்று வாயைத் திறந்ததுமே எல்லாக் கடையிலும் ஒரே கேள்வி: "முகூர்த்தம் என்னைக்கு சார்?" எனக்கு வயது 41. எட்டாவது படிக்கிற மகள் இருக்கிறாள். எடுத்துப் போடுவதெல்லாம் மினுமினுக்கிற மெரூன், காலரில் வெல்வெட், நெஞ்சில் கல் வைத்த ப்ரூச், அதிலிருந்து பாக்கெட் வரைக்கும் ஒரு சங்கிலி. "பிளைனா, கருநீலத்துல காட்டுங்க" என்றால், "போட்டோவுல எடுப்பா இருக்காது சார்" என்கிறார். யார் போட்டோ? எந்த ஆல்பம்? டெய்லரிடம் போனால், "தை முகூர்த்தம் முடியட்டும், மாசி பிறந்ததும் வாங்க" என்கிறார். மாசி பிறக்கும்போது நான் பனியில் நின்றுகொண்டிருப்பேன் ஐயா!

அப்புறம்தான் அந்தத் தப்பைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி 90 கிலோமீட்டர் தாண்டி பெங்களூர் போய், பெரிய மால் ஒன்றில் ஆண்களுக்கான உயர்ரகக் கடைக்குள் நுழைந்தேன்.

துணிக்கடை என்று சொல்லவே மனசு வரவில்லை. அவ்வளவு பெரிய ஹாலில் ஒரு கம்பி, அதில் ஆறே ஆறு கோட்டு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. விலைச் சீட்டு வெளியே தொங்காதாம். உள்பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் தேடவேண்டும், பிக்பாக்கெட் மாதிரி. பத்து ரூபாய் பிஸ்கட்டிலேயே விலையை வெளியே அச்சடிக்கிற நாடு இது!

விலை எவ்வளவு என்று கேட்டேன். விற்பனைக்கு நின்ற பையன், "சூப்பர் 120 உல்லன் சார்" என்றான். நான் கேட்டது விலை. அந்த எண் இழை எவ்வளவு மெல்லிசு என்பதைச் சொல்வது; எண் ஏற ஏற இழை மெலியும், மெலிந்த துணி சீக்கிரம் கசங்கும், தேயும். அதைப் பரீட்சை மார்க் மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தான். நாலாவது தடவை கேட்டதும் சீட்டைத் திருப்பினான். 1,38,000 ரூபாய். 2,500 ரூபாயைத் தாண்டிய உடுப்புக்கு 18 சதவீதம் என்பதால், அதில் ஜிஎஸ்டி மட்டுமே சுமார் 21,000.

தரம் பார்ப்பது என் தொழில், கை சும்மா இருக்குமா? கீழ்ப்பொத்தான் துளைக்குப் பக்கத்தில் முன்துணியையும் உள்துணியையும் இரண்டு விரலால் பிரித்துக் கிள்ளிப் பார்த்தால், நடுவே மூன்றாவதாக ஓர் அடுக்கு வழுக்கி நகரவேண்டும். அதுதான் குதிரைமுடி கலந்து நெய்த கேன்வாஸ். நகரவில்லை என்றால் பசை போட்டு ஒட்டியது. டிரைகிளீனிங் போகப் போக முன்பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பலாம். கிள்ளினேன். நகரவில்லை.

"இது கேன்வாஸா, ஒட்டினதா?"

"இம்போர்ட்டட் சார்."

எந்த நாட்டுக் கோந்து என்று நான் கேட்கவில்லையே!

அதோடு விட்டதா? மார்பு 40 என்றால் இடுப்பு 34தான் என்று இவர்களுக்கு ஒரு கணக்கு. எனக்கு 38. மேலே ஒரு சைஸ், கீழே ஒரு சைஸ் தரமாட்டார்களாம், செட்டாம். பேன்ட்டின் தையலுக்குள் விட்டிருக்கும் துணி நாலு அங்குலத்துக்கு எங்கே போகும்? தொப்பை உள்ளவன் வெளிநாடு போகக்கூடாது என்று எழுதி ஒட்டிவிடுங்கள், மிச்சம் பஸ் காசு.

உச்சக்கட்டம் இனிமேல்தான். மேனேஜர் உள்ளே போனதும் பையன் குரலைத் தாழ்த்தினான். "விடுங்க ணா. இந்தக் கோட்டு என்னோட அஞ்சு மாச சம்பளம்." பையனுக்கு ஊர் நம்ம பக்கத்துப் பாலக்கோடாம்! பின்னே அரைமணி நேரமாக ஏன்டா தம்பி என்னை அந்தத் தடுமாற்ற இங்கிலீஷில் மல்லுக்கட்ட விட்டாய் என்றால், "கஸ்டமர்கிட்ட தமிழ் பேசக்கூடாதுன்னு ரூல் ணா." அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ரூல் போட்டவன் கையில் கிடைத்தால்...

ஓசூரில் இத்தனை கம்பெனிகள் இருக்கின்றன. ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் ஆட்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் கோட்டு என்றால் இங்கே மாப்பிள்ளைக்கு, அங்கே கோடீஸ்வரனுக்கு. மாதக் கடைசியில் ஈஎம்ஐ கட்டுகிறவனுக்கு ஒரு கருநீலக் கோட்டு 90 கிலோமீட்டர் தூரத்துக்குள் இல்லை. போனமுறை போய்வந்த சீனியரிடம் புலம்பினால் சிரிக்கிறார்: "ஒரு மணி நேரக் கூட்டம்டா, அப்புறம் மூணு வாரமும் சேஃப்டி ஷூதான்."

விமானத்துக்கு இன்னும் ஒன்பது நாள். 23 கிலோ பெட்டியில் அம்மாவின் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டன. கடைசியில் மச்சானின் ரிசப்ஷன் கோட்டை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். நல்லவேளை, கறுப்பு. மனைவி உட்கார்ந்து ப்ரூச்சையும் சங்கிலியையும் பிரித்து எடுத்தாள். எடுத்த இடத்தில் நெஞ்சுக்கு நேராக இரண்டு ஓட்டை. ஸ்கெட்ச் பேனாவால் உள்ளே இருந்து அடித்தால் தெரியாது என்கிறாள் மகள்.